ஜாங்கிரியும் ஒரு திருத்தமும்

கெட்ட செய்தி என்றால் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொள்கிறோம். நல்ல செய்தியை மட்டும் யாரும் சரிபார்ப்பதில்லை. 1991-இல் நான் ஒரு நாளிதழின் படப்பைப் பகுதி நிருபர் (மாட்டு வண்டி கவிழ்ந்தால் நான்கு வரி, லாரி கவிழ்ந்தால் எட்டு வரி). செய்தியைச் சரிபார்க்க வேண்டும் என்பதை அலுவலகம் சொல்லிக் கொடுத்தது. புரியவைத்தது என் அக்கா ரோசலினின் ரத்தம்.

அக்கா, ஒரகடம் சாலையில் மின்விசிறி மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் கம்பெனியில் இருந்தாள். அந்த லைனில் அவள் வேகத்துக்கு வேறு விரல்கள் கிடையாது. எங்கள் வீட்டில் இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வோம். அந்த வருடம் அவள் காலையில் எழுந்தால் விரல் மூட்டுகள் வீங்கி விறைத்துக் கிடக்கும். ஜாக்கெட் ஊக்கை அம்மா மாட்டிவிடுவார். வெயில் ஏறிய பிறகுதான் விரல்கள் மடங்கும். காலை ஆறு மணி ஷிப்டிலிருந்து ஒன்பது மணி பொது ஷிப்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். சூப்பர்வைசர் தனசேகர் நம்பவில்லை.

"ஆறு மணிக்கு மடங்காத வெரலு பத்து மணிக்கு மட்டும் எப்டிம்மா மடங்குது? டாக்டராண்ட எய்தி வாங்கினு வா. இல்லன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்."

தாம்பரத்து டாக்டரம்மா, முடக்குவாதமாக இருக்கலாம் என்று மூன்று ரத்தப் பரிசோதனைகள் எழுதினார். முடிவை வாங்கி வர, விஷயம் தெரிந்தவன் என்று என்னை அனுப்பினார்கள்.

லேப் வாசலிலேயே பிரித்தேன். ஆர்.ஏ. ஃபேக்டர்: நெகட்டிவ். ஆக, நோய் இல்லை. சி.ஆர்.பி.: பாசிட்டிவ். பாசிட்டிவ் என்றாலே நல்லதுதான். ஈ.எஸ்.ஆர்.: பள்ளியில் கணக்குப் பாடத்தில் நான் எட்டிப் பார்க்காத எண். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டாக்டரம்மா சாயங்காலம்தான் வருவார். நல்ல செய்தி அதுவரை தாங்குமா? ஜாங்கிரி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கம்பெனி வாசலில் முதல் ஷிப்டு வெளியே வந்துகொண்டிருந்தது.

"எங்க அக்காவுக்கு ஒண்ணுமில்ல. எல்லா டெஸ்ட்லயும் பாஸ்" என்று அறிவித்து, ஆளுக்கொரு ஜாங்கிரி நீட்டினேன்.

தனசேகரும் ஒன்று எடுத்துக்கொண்டார். "நான்தான் அப்பவே சொன்னேனேப்பா, நடிப்புன்னு. இனிமே ஷிப்டு மாத்துன்னு வரக்கூடாது. லேட்டா வந்தா அப்டியே வூட்டுக்குப் போயிட வேண்டியதுதான்."

அவருக்குப் பின்னால் அக்கா நின்றாள். மத்தியானமானால் அவள் விரல்கள் நன்றாக மடங்கும் என்பதை என் மண்டை தெரிந்துகொண்டது.

சாயங்காலம் டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார்.

"பாஸ்னு யாருப்பா சொன்னது? அந்த ஃபேக்டர் இல்லாமலும் இந்த நோய் வரும். மூட்டு வீக்கத்தை நான் கண்ணால பார்த்தேன். மத்த ரெண்டு டெஸ்டும் உள்ள அழற்சி கடுமையா இருக்குன்னுதான் சொல்லுது."

ஷிப்டு மாற்றத்துக்கும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்.

"உங்க பேப்பர்ல தப்பா போட்டுட்டா இன்னாடா பண்ணுவீங்க?"

"திருத்தம் போடுவோம்க்கா."

"எங்க?"

"உள்பக்கத்துல. சின்ன எழுத்துல."

"நீ மொதப் பக்கத்துல போடற. அதே வாசல்ல, அதே ஜனத்துக்கு."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் முதல் ஷிப்டு உள்ளே போகும் நேரத்தில், வாசலில் நின்று உரக்கச் சொன்னேன்: "நேற்று அறிவித்த செய்தியில் பிழை நேர்ந்துவிட்டது. என் அக்காவுக்கு முடக்குவாதம் இருக்கிறது. அவர் நடிக்கவில்லை. வருந்துகிறோம்." (தனியாக நின்றாலும் திருத்தத்தில் பன்மைதான்.) பெண்கள் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எழுந்துவிட்டார்.

தனசேகர் வந்து என் கையிலிருந்த லேப் சீட்டை வாங்கிப் பார்த்தார். "ஈ.எஸ்.ஆர்.னா இன்னாப்பா?"

"ரத்தத்தைக் குழாய்ல நிறுத்தி வெச்சா செவப்பணு கீழ எறங்கும் சார். அக்காவுக்கு ரொம்ப வேகமா எறங்குது."

"வேகமா எறங்கினா நல்லதுதானே? அவுட்புட் ஜாஸ்தி."

எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்த நிம்மதி. அக்கா குறுக்கிட்டாள். "மோட்டாரு அளவுக்கு மேல சூடானா அவுட்புட்டுனு விட்டுடுவீங்களா சார்?" டாக்டர் சீட்டையும் கையையும் நீட்டினாள். காலை ஆறு மணிக்கு அந்த விரல்களை அவர் அன்றுதான் உற்றுப் பார்த்தார். மூட்டுகள் பளபளவென்று வீங்கியிருந்தன.

"ஒம்போது மணிக்கே வாம்மா" என்றார். பிறகு என்னிடம், "இன்னிக்கு ஜாங்கிரி இல்லியா?"

மருந்தோடும் வலியோடும் அக்கா அங்கேயே காயில் சுற்றினாள். பின்னாளில் அந்த லைனுக்கே சூப்பர்வைசர் ஆனாள். நானும் உதவி ஆசிரியராக உயர்ந்தேன். வீட்டில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஆம்பளப் புள்ளக்கா."

அக்கா கேட்டாள்.

"நல்லாப் பாத்தியா? இல்ல, நாளைக்கித் திருத்தம் வருமா?"