தலைவருக்கு ஒரு துரோகியும் ஓர் ஒப்பாரியும்

உலகத்தில் இதுவரை நடந்த புரட்சிகளில் பெரும்பாலானவை தோற்றதற்கு ஆயுதப் பற்றாக்குறையோ மக்கள் ஆதரவின்மையோ காரணமல்ல. அவற்றுக்கு நல்ல ஒளிப்பதிவாளர் கிடைக்கவில்லை. இந்தப் பேருண்மையை நான் ருவான்வெல்லைக்கு மேலே, கொரக்காவத்தை றப்பர் தோட்டத்தில், ஒரு தண்ணீர் பவுசருக்குப் பக்கத்தில் நின்றபடி அறிந்துகொண்டேன். அதற்காக, அங்கே படமெடுக்க வந்த தொலைக்காட்சி நிலையத்துக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

தோழர் சோமதிலகவின் வாழ்க்கையைத் தொடர்நாடகமாக எடுத்தார்கள். எழுபத்தொன்றாம் ஆண்டு ஏப்ரலில் இந்தப் பக்கத்து மலைகளில் இளைஞர்களைத் திரட்டிக் கிளர்ச்சி நடத்தி, கடைசியில் காட்டுக்குள் சுடப்பட்டு இறந்தவர் அவர். ஒரு பாதிப் பேருக்குத் தியாகி. மறு பாதிப் பேருக்குக் கொலைகாரர். இப்படிப்பட்டவரைச் 'சர்ச்சைக்குரிய தலைவர்' என்று அழைப்பது நாகரிகம். அவரை நம்பிப் போய்ச் செத்த பையன்களில் பலருக்கு மீசைகூட முளைத்திருக்கவில்லை. அவர்களைப் பற்றிச் சர்ச்சை எதுவும் இல்லாததால் தொடரில் பெயரும் இல்லை. ஓடும் கால்களாக மட்டும் வருகிறார்கள்.

நெறியாளர் லக்‌ஷான் என்னைத் தேடி வந்தார். நான் ருவான்வெல்லைச் செய்தியாளன், கொரக்காவத்தையில் பிறந்தவன். 'வரலாற்று ஆலோசனைச் சபை'யில் உட்கார ஒரு தமிழர் தேவைப்பட்டாராம். லக்‌ஷான் சிங்களத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"இது நடுநிலையான படைப்பு. சர்ச்சை என்றால் இரண்டு பக்கம் உண்டு. இரண்டையும் காட்டுகிறோம்."

காட்டினார்கள். காலை வெயிலில் தலைவரின் இடது பக்கத்தையும் மாலை வெயிலில் வலது பக்கத்தையும்.

பழைய புகைப்படத்தில் தோழர் குள்ளமாக, முன் வழுக்கையோடு, இருமப் போகிறவர் போல இருக்கிறார். நடிகரோ ஆறடி உயரம். அவருடைய தோள்களைப் பார்த்தால் அடக்குமுறை தானாகவே விலகி வழிவிடும் போலிருந்தது. தலைவர் சிந்திக்கும்போதெல்லாம் மழை பெய்தது. ருவான்வெல்லையில் மழைக்கா பஞ்சம்? ஆனால் இயற்கை மழை கமராவில் தெரியாதாம். எனவே கொட்டும் மழையில், மழைக் கோட்டு அணிந்த ஒருவர் பவுசரிலிருந்து தலைவருக்கென்று தனியாக மழை பெய்வித்தார்.

கலை இயக்குநர் எங்கள் லயங்களை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, பார்த்துக் கண்கலங்கினார். எழுபத்தொன்றைச் செட் போட்டுக் காட்ட அவர் பெரிய திட்டம் வைத்திருந்தார். வந்து பார்த்தால், கூரையில் இருந்த சட்டலைட் தட்டுகளைக் கழற்றியதோடு வேலை முடிந்துவிட்டது. ஓட்டைத் தகரம், புகை படிந்த சுவர், வரிசைக்கு ஒரு பீலிக் குழாய், எல்லாம் அன்று இருந்தபடியே இருந்தன. வரலாற்றை இவ்வளவு பொறுப்போடு பாதுகாத்து வைத்திருக்கும் தோட்ட நிர்வாகத்துக்குத் தொடரின் தொடக்கத்தில் நன்றி தெரிவித்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் தலைவர் இளைஞர்களுக்கு வகுப்புகள் நடத்தினார். அதில் ஒரு வகுப்பு எங்களைப் பற்றியது. தோட்டத்துத் தமிழர்கள் அந்நியரின் கையாட்கள், ஆட்சி கைக்கு வந்ததும் கப்பலேற்றப்பட வேண்டியவர்கள் என்பது பாடத்தின் சாரம். ஆலோசனைச் சபையில் அதைப் பற்றிக் கேட்டேன்.

"நேரம் போதவில்லை," என்றார் லக்‌ஷான். "ஆனால் தலைவர் லயத்தில் ரொட்டி சாப்பிடும் காட்சி வைத்திருக்கிறோம். சம்பலோடு."

சபையின் முக்கிய நிகழ்ச்சிநிரல் வேறு. தலைவர் நல்லவர் என்று தீர்மானமாகிவிட்டது. நல்லவர் தோற்க வேண்டுமானால் துரோகி வேண்டும். ருவான்வெல்லை ஓய்வு விடுதியின் மேல்மாடியில், வடையும் தேநீரும் சூழ, நாங்கள் ஒரு துரோகியைத் தேடினோம்.

"கிராமத் தலைமைக்காரன்?" என்றார் லக்‌ஷான்.

"அவருடைய பேரன் பிரதேச சபையில் இருக்கிறார்," என்றார் நிலையத்து மேலாளர்.

"பொலிஸ்?"

"காக்கிச் சட்டையும் ஜீப்பும் அவர்கள்தான் இரவல் தருகிறார்கள்."

"பன்சலையில் ஒரு பிக்கு..."

மேலாளர் வடையைக் கீழே வைத்தார். அந்த யோசனை குறிப்பில் ஏறவில்லை.

"டவுன் கடை முதலாளி?"

"விளம்பரம் தருகிறார்."

"தோட்டத்துத் துரை?"

"இடம் தந்திருக்கிறார்கள்."

"துரையின் நாய்?"

சற்று நேரம் அது பரிசீலிக்கப்பட்டது. பிராணிகளை நேசிப்போர் முகநூலில் சும்மா இருக்க மாட்டார்கள் என்று கைவிடப்பட்டது.

அப்போது உதவி நெறியாளர் ரிஸ்னா, பழைய பத்திரிகைகளில் தேடி எடுத்த ஒரு செய்தியை வாசித்தார். ரிஸ்னா மாவனல்லைப் பெண். படக்குழுவில் தமிழ் தெரிந்த ஒரே ஆள். கொரக்காவத்தைத் தோட்டக் காவல்காரர் பழனியாண்டி, ஸ்டோரைக் காத்து நின்றபோது கிளர்ச்சிக்காரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது செய்தி.

லக்‌ஷான் எழுந்து நின்றார். "யார் சுட்டது?"

"தலைவர்ட ஆக்கள்."

"தலைவர் நல்லவர். நல்லவரின் ஆட்கள் காரணமில்லாமல் சுடுவார்களா? அப்படியானால் காவல்காரன் என்ன செய்திருக்க வேண்டும்?"

விடையையும் அவரே சொன்னார்.

"காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்!"

"அவர் காட்டிக்கொடுத்ததற்கு ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"செத்ததற்கு இருக்கிறதே," என்றார் லக்‌ஷான்.

"அவருக்காகப் பேச யாராவது?" என்றார் மேலாளர், எச்சரிக்கையான மனிதர். கட்சி இல்லை. விளம்பரம் இல்லை. ஜீப் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆட்சேபம் இருந்ததாகக் குறிப்பில் எழுதிக்கொண்டு, தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றினார்கள்.

துரோகியின் பெயரை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 'இத்தொடரில் வரும் சம்பவங்கள் யாவும் கற்பனையே' என்று தொடக்கத்தில் ஓடும். யாவும் கற்பனையாக இருந்தால் வரலாற்றுத் தொடர் என்று எப்படிச் சொல்வது? ஒரு பெயராவது உண்மையாக இருக்க வேண்டாமா?

அந்தப் பெயருக்கு ஒரு மகள் இருந்தார். தங்கம்மா அக்கா, றப்பர் பால் வெட்டி ஓய்வுபெற்றவர், மேல் லயத்தில் கடைசிக் காம்பராவில் குடியிருப்பவர். துரோகி விழுந்ததும் தோட்டத்து மக்கள் வந்து அவன்மேல் துப்புவது காட்சி. துப்புவதற்கு 'முகம்' தேடி லயம் லயமாகப் போன லக்‌ஷான், அக்காவின் முகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். யாருடைய முகம் என்று அவருக்குத் தெரியாது. சம்மதம் வாங்கும் பொறுப்பு தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஸ்ரீதரனுடையது. எங்கள் தோட்டத் தலைவர் சர்ச்சைக்குரியவர் அல்ல. அவர் எதையும் செய்ததாக யாரும் சொல்வதில்லை. கோயிலுக்கு ஸ்பீக்கர் செட் தருவதாகப் படக்குழு அவருக்கு வாக்களித்திருந்தது.

"அக்கா, ரெண்டே நிமிசம். அந்தாளு விழுவான். நீங்க போயி காறித் துப்பிட்டு வந்துருங்க. சாப்பாட்டுப் பார்சல் உண்டு. கோழி."

"யாரு விழுவா?"

"துரோகி."

"பேரு என்னான்னு போட்டிருக்கு?"

"பேருல என்னாக்கா இருக்கு..."

"சொல்லுடா."

ஸ்ரீதரன் கூரையைப் பார்த்தார். "பழனியாண்டி."

"எங்கப்பா மேல நான் துப்பணுமா?"

"நெசமா துப்ப வேணாங்க்கா. போத்தல்ல தண்ணி குடுப்பாங்க."

தங்கம்மா அக்கா சேலையை உதறிக் கட்டிக்கொண்டு நேரே லக்‌ஷானிடம் வந்தார். ரிஸ்னா நடுவில் நின்று மொழிபெயர்த்தார்.

"காவலுக்கு வச்சிருந்த துவக்கக் கேட்டாங்க, குடுத்துட்டாரு. அரிசி ஸ்டோரு சாவி கேட்டாங்க. சாவி துரைகிட்டன்னு சொன்னாரு. நெசந்தான். துரை சாவியோட கொழும்புக்கு ஓடிட்டாரு. பொய் சொல்றன்னு சுட்டுட்டாங்க. மறுநாளு பொலிஸ் வந்துச்சு. அவனுங்களுக்குத் துவக்குக் குடுத்தவன் பொண்டாட்டி நீதானேன்னு எங்கம்மாவப் போட்டு அடிச்சாங்க. ஊரடங்கு. தப்பு அடிக்கக் கூடாது, ஒருத்தரும் சத்தம் போட்டு அழக் கூடாதுன்னுட்டாங்க. அம்மா சீலைய வாயில திணிச்சுக்கிட்டு மண்ணு தள்ளுச்சு. எனக்கு எட்டு வயசு. என் வாயையும் பொத்திக்கிட்டாங்க."

எங்கள் பக்கம் ஒரு சாவு என்றால் தப்பு என்னும் பறை முழங்க வேண்டும், பெண்கள் கட்டி அழ வேண்டும். அது இல்லாமல் போனவர் போய்ச் சேரவில்லை என்பது நம்பிக்கை.

லக்‌ஷானின் கண்ணில் நீர் நின்றது. "அற்புதம்! இதையெல்லாம் மனதில் நினைத்துக்கொண்டு துப்பச் சொல்லுங்கள்."

ரிஸ்னா அதை மொழிபெயர்க்கவில்லை.

"பேர மட்டுமாவது எடுத்துருங்கய்யா," என்றார் அக்கா.

"அனே அம்மா, அது முடியாது. தொடரில் இருக்கும் ஒரே உண்மை அந்தப் பெயர்தான். வரலாற்றுக்கு நாங்கள் துரோகம் செய்ய முடியுமா?"

தங்கம்மா அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். பிறகு, "சரி, வர்றேன். ஆனா ஒண்ணு. அந்தாளு விழுந்தவொடனே தப்பு அடிக்கணும்," என்றார்.

"மண்ணின் ஓசை! அதுவும் செலவில்லாமல்!" என்று லக்‌ஷான் உடனே இணங்கினார்.

காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் படப்பிடிப்பு. கொழும்பிலிருந்து வந்த பழனியாண்டிக்குக் கறுப்புச் சாயம் பூசி மீசை ஒட்டியிருந்தார்கள். ஒரு தோழர் சுடுவதற்குத் துவக்கை நீட்டினார். அவருக்கும் பெயர் கிடையாது. தலைவர் "வேண்டாம்!" என்று மிக மெதுவாக ஓடிவந்தார். குண்டு, தலைவரின் கொள்கைக்கு மாறாகப் பாய்ந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு துரோகியை மன்னித்தார். செத்தவனுக்கு மன்னிப்பு வழங்குவதில் உள்ள வசதி, அவன் மறுக்க மாட்டான்.

"இப்போது மக்கள்!" என்று லக்‌ஷான் கையைக் காட்டினார்.

தோட்டத்தின் மேல் பிரிவு ஆட்கள் தப்பை அடித்தார்கள். தண்ணீர்ப் போத்தல்களோடு பெண்கள் முன்னே வந்தார்கள். தங்கம்மா அக்கா போத்தலைக் கீழே வைத்தார். கொண்டையை அவிழ்த்துவிட்டார். நடிகரின் தலைமாட்டில் உட்கார்ந்து, மார்பில் அறைந்துகொண்டு தொடங்கினார்.

சாவி கேட்டு வந்தவங்க - என்னப் பெத்த அப்பா
சாவத் தந்து போனாங்களே
பாலுமரம் வெட்டு ஆறும் - என்னப் பெத்த அப்பா
ஒங்க வெட்டு ஆறலையே
ஊரடங்கு போட்டாங்கன்னு - என்னப் பெத்த அப்பா
ஒப்பாரியும் அடங்கிருச்சே

ஒவ்வொருவராகப் பெண்கள் போத்தலைப் போட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டார்கள். யாருக்கும் ஒத்திகை தேவைப்படவில்லை. பிணத்தின் வயிறு குலுங்கியது. கொழும்பு நடிகர் கண்ணை மூடியபடி அழுதுகொண்டிருந்தார். தலைவராக நடித்தவர் செய்வதறியாது நின்று, பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அது கதைவசனத்தில் இல்லை. பவுசர்க்காரர் குழாயை மூட மறந்துபோனார்.

லக்‌ஷான் 'கட்' சொல்லவேயில்லை.

"சேர், இவங்க துரோகிக்கு அழுறாங்க," என்றார் ரிஸ்னா.

"தெரிகிறது."

"அப்ப காட்சி?"

"தங்கச்சி, யார் அழுகிறார்கள் என்பதுதான் எங்கள் கையில் இல்லை. யாருக்கு அழுகிறார்கள் என்பதை எடிட்டிங் பார்த்துக்கொள்ளும்."

எல்லாம் முடிந்த பிறகு தங்கம்மா அக்கா பீலியில் முகம் கழுவினார். "இன்னைக்குத்தான் தம்பி எங்கப்பா போய்ச் சேந்தாரு," என்று என்னிடம் சொன்னார். கோழிப் பார்சலையும் எடுத்துக்கொண்டார். சாவு வீட்டுச் சாப்பாடு என்றார்.

துப்பும் காட்சியை, டவுனிலிருந்து பஸ்ஸில் ஆட்களைக் கொண்டுவந்து பிற்பாடு எடுத்தார்கள்.

கடைசி அத்தியாயத்தை, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் தொலைக்காட்சி வைத்துத் தோட்டமே பார்த்தது. தலைவர் காட்டில் சுடப்பட்டார். மழை. அடுத்த காட்சியில் அவருடைய உடல் எங்கள் பெரட்டுக் களத்தில் கிடந்தது. எப்படி வந்தது என்று கேட்பது கலையறியாதார் வேலை. தப்பு முழங்கியது. தலைமாட்டில் தலைவிரித்து உட்கார்ந்திருந்தவர் தங்கம்மா அக்கா.

"அக்கா! நீங்க!" என்று ஸ்ரீதரன் கைதட்டினார். திரையின் அடியில் சிங்கள எழுத்து ஓடியது. ஸ்ரீதரன் பெருமையோடு தமிழாக்கினார். "எங்கள் தோழரே, எங்கள் தந்தையே, இருளில் கிடந்த எங்களுக்கு விடியலைத் தந்து போனீரே..."

"சாவி கேட்டு வந்தவங்கன்னுல்ல நான் அழுதேன்," என்றார் அக்கா.

அக்கா தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தார்.

"டேய் ஸ்ரீதரா. எங்கப்பா எடத்துல படுத்திருக்கிறது யாருடா?"

"தலைவரு, அக்கா," என்றார் ஸ்ரீதரன், தரையைப் பார்த்துக்கொண்டு. ஸ்பீக்கர் செட் இன்னும் வந்து சேரவில்லை.

ரிஸ்னா எனக்குத் தொலைபேசினார். "நான் ஒப்பாரியச் சிங்களத்துல சரியாத்தான் எழுதிக் குடுத்தேன். மேல மாத்திட்டாங்க. என்னத்த செல்ல? அந்த உம்மாட மொகத்த எப்பிடிப் பாக்கிற?" அந்தத் தொடரோடு அவர் வேலையை விட்டுவிட்டார். துறைக்கு ஏற்ற பக்குவம் இல்லை என்று கேள்வி.

தொடருக்கு இன நல்லிணக்கத்துக்கான விசேட விருது கிடைத்தது. தோட்டத் தமிழ் மக்களின் நெஞ்சில் தலைவர் இன்றும் வாழ்கிறார் என்பதை அந்த ஒப்பாரிக் காட்சி ஐயமின்றி நிறுவியதாக நடுவர்கள் பாராட்டினார்கள். அழுதவர் பெயர் 'கிராமியப் பெண்' என்று போடப்பட்டிருந்தது.

தொடரைக் குறைசொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒரு தலைவரின் குணத்தை இவ்வளவு நேர்மையாக வேறு எந்தத் தொடரும் காட்டியதில்லை. அன்று அவருடைய ஆட்கள் பழனியாண்டியின் துவக்கைக் கொண்டுபோனார்கள். உயிரைக் கொண்டுபோனார்கள். கதவை உடைத்து அரிசியையும் கொண்டுபோனார்கள். அவசரத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அது பழனியாண்டி மகளின் தொண்டைக்குள் அரை நூற்றாண்டாகக் கிடந்தது. இப்போது கமராவோடு திரும்பி வந்து, அதையும் எடுத்துப் போய்த் தலைவரின் காலடியில் வைத்துவிட்டார்கள்.

புரட்சி தோற்றது என்று இனி யாரும் சொல்லக் கூடாது. கொரக்காவத்தையில் எடுப்பதற்கு இனி எதுவும் இல்லை.