பிள்ளையாரிடம் இருக்கும் ஒன்றாம் நம்பர் சட்டை

நெருப்பெரிச்சல்,
வியாழன் மத்தியானம்

குன்னத்தூர் பழனிமுத்து மச்சான் அவர்களுக்கு, மகுடேஸ்வரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை மயிலாத்தாள், மகள் வர்ஷினி, தையல் மிஷின்கள் எல்லோரும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் எருமைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் தேவிப்பிரியாவின் குழந்தையைப் பார்க்க வந்தபோது அக்கா வைத்த கோழிக் குழம்பு இன்னும் நாக்கில் நிற்கிறது. நான் கொண்டுவந்த சட்டை பேத்திக்கு அளவாக இருந்ததா என்று தெரிவிக்கவும்.

இதையெல்லாம் போனில் பேசலாம்தான். பேசினால் மயிலாத்தாள் காதில் விழும். வாட்ஸப்பில் போட்டால் கை தவறிக் குடும்பக் குழுவில் போய் விழும், எனக்கு அந்த ராசி உண்டு. அதனால் உங்கள் ஊர்ப் பக்கம் போகிற நம் வேன் டிரைவர் லிங்கசாமியிடம் கடிதமாகவே கொடுத்தனுப்புகிறேன். விஷயம் இதுதான்: உங்கள் மகன் குணாவைத் தயவுசெய்து வந்து அழைத்துக்கொண்டு போகவும்.

பையன் தங்கமான பையன். ஆனால் அவனையும் என் மகளையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரே புரோகிராமை எழுதச் சொன்னது என் புத்தி. இந்த வெளிநாட்டு பையர், மஞ்சள் துணியில் வாத்துப் படம் போட்ட குழந்தைச் சட்டை ஆர்டர் கொடுத்தவன், ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு நம்பர் அட்டை தொங்க வேண்டும், எந்த நம்பர் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும், பேக்கிங் லிஸ்ட் அதிலிருந்துதான் வர வேண்டும் என்றான். வீட்டிலேயே ரெண்டு இன்ஜினியர் இருக்க வெளியாளுக்கு எதற்குக் கொடுப்பது என்று நான் மீசையைத் தடவினேன். முதல் நாளே பிரச்சினை. வர்ஷினி முழுத் திட்டமும் எழுதி முடித்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும் என்றாள். குணா, "செய்யச் செய்ய மாத்திக்கலாமுங்க மாமா, இப்பெல்லாம் அப்படித்தான்" என்றான். செய்யச் செய்ய மாற்றிக் கட்டியதுதான் நம் வீடு, மாடிப்படி போய்க் குளியலறையில் முடிவது உங்களுக்கே தெரியும். கடைசியில் ஆளுக்குப் பாதி என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். எண்ணுகிற பாதி குணாவுக்கு, சரிபார்த்துப் பெட்டியை மூடுகிற பாதி வர்ஷினிக்கு.

குணாவின் பாதி யார் எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். எண்ணிக்கை போட வேண்டிய இடத்தில் செக்கிங் சாமியாத்தாள் "டீ குடிச்சுட்டு வர்றேன்" என்று அடித்தாள், அதையும் வாங்கிக்கொண்டது. ஒரு பெட்டியில் ரெண்டு பேர் ஆளுக்கு இருபத்துநாலு சட்டை அடுக்கினார்கள். கூட்டினால் நாற்பத்தெட்டு என்று எனக்கே தெரியும். குணாவின் பாதியோ ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து 2424 என்று லேபிள் அடித்துத் தள்ளியது.

"அது நம்பருன்னு தெரியாம எழுத்துன்னு நினைச்சுருச்சுங்க மாமா," என்றான் குணா.

"எதையும் முன்னாடியே நம்பரா எழுத்தான்னு கேட்டு உள்ள விடணும். என் பாதி அப்படித்தான் விடும்," என்றாள் வர்ஷினி.

"உன் பாதி யாரையுமே உள்ள விடறதில்லையே."

உண்மைதான் மச்சான். அவள் பாதி, பொண்ணு கேட்டு வருகிறவர்களை மயிலாத்தாள் விசாரிப்பது போல விசாரிக்கும். சட்டை இருக்கும் இடம் கட்டிங், தையல், செக்கிங், இஸ்திரி, பெட்டி, இந்த ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சிவப்பு எழுத்தில் முறைக்கும்.

இன்று காலையில் முறைத்தது. நாளை விடியக் காலம் லாரி கிளம்ப வேண்டும். எல்லாப் பெட்டியும் தயார், ஒன்றாம் நம்பர் சட்டையைக் காணோம், லிஸ்ட் தர முடியாது என்கிறது. காணாமல் எங்கே போகும்? எந்த ஆர்டரிலும் முதலில் தைத்த உருப்படியைச் சந்தனம் தொட்டுப் பிள்ளையார் படத்தடியில் வைப்பதும், கடைசிப் பெட்டி மூடும்போது எடுத்து மேலாக வைப்பதும் நம் கம்பெனி வழக்கம். சட்டை பிள்ளையாரிடம் பத்திரமாக இருக்கிறது, அதை எடுத்துப் பெட்டியில் போட்டால் தீர்ந்தது என்றேன். ரெண்டு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எடுத்துப் போடுவதற்கு முன்னால் அது இருந்த இடத்தைப் புரோகிராம் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

"பிள்ளையார ஒரு இடமாச் சேக்கணும்னா அவரு செக்கிங்குக்கு முன்னாடி வருவாரா, பின்னாடி வருவாரா?" என்று கேட்டாள் வர்ஷினி.

"இடம்னு சும்மா ஒரு கட்டம் விடு. யாரு என்ன வேணா எழுதிக்கட்டும்."

"அப்பறம் ஒருத்தர் பிள்ளையாருன்னு எழுதுவாங்க, ஒருத்தர் கணேசன்னு எழுதுவாங்க. அது ரெண்டு சாமின்னு கணக்குச் சொல்லும்."

"சொல்லட்டுமே. நம்மூர்ல ரெண்டு சாமிதான் இருக்குதா?"

இந்த நேரத்தில் அட்டைப்பெட்டி சப்ளை செய்கிற அலாவுதீன் பாய் வந்தார். "ஏனுங்க, நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றேன். அவர் ரெண்டு பேர் பேச்சையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாமிய எந்தக் கட்டத்துல போடறதுன்னு நான் கருத்துச் சொன்னா நல்லா இருக்காதுங்க முதலாளி," என்று நழுவிவிட்டார்.

மத்தியானத்துக்குள் கம்பெனியே ரெண்டு கட்சி. செக்கிங் பெண்கள் வர்ஷினி பக்கம், இஸ்திரிக்காரர்கள் குணா பக்கம். டீக்காரப் பையனிடம்கூட ஒரு கட்சி, "சர்க்கரையா வெல்லமான்னு முன்னாடியே சொல்லிட்டு ஊத்து" என்கிறது, இன்னொரு கட்சி, "ஊத்துப்பா, குடிச்சுப் பாத்துக்கலாம்" என்கிறது. லாரிக்காரர் ரெண்டு தடவை போன் செய்துவிட்டார். இந்தச் சரக்கு போகாவிட்டால் பையர் அடுத்த சீசனுக்கு வேறு கம்பெனி பார்ப்பான். என் மிஷின்கள் மேல் துணி போட்டு மூட வேண்டியதுதான். சோர்ந்துவிட்டேன் மச்சான். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்தக் கம்பெனியில் எது எங்கே இருக்கிறது என்று என் ஒருவனுக்கு மனப்பாடம். ஒருத்தரைப் பிரித்தால்தான் இன்னொருத்தர் வேலையை முடிப்பார். என் மகளை நான் எங்கே அனுப்ப? அதனால் உங்கள் மகனைக் கேட்கிறேன். வருத்தப்பட வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். தேவிப்பிரியாவுக்கும் பேத்திக்கும் ஆயுசும் தலைநிறைய முடியும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தலைவலியுடன்,
உங்கள் மகுடேஸ்வரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் முன் பிள்ளையாரை ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம் என்று போனேன். படத்தடியில் சட்டை இல்லை. சந்தனப் பொட்டு மட்டும் பலகையில் காய்ந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவசரமாகக் கிளம்பும்போது, குழந்தை பார்க்க வெறுங்கையோடு போவதா என்று கைக்கு எட்டியதை எடுத்துப் பையில் போட்டேன். மஞ்சள் சட்டை, வாத்துப் படம். குணாவைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள், அவன் இங்கேயே இருக்கட்டும். சட்டையும் பேத்திக்கே இருக்கட்டும், உபரியாகத் தைத்தது என்னிடம் இருக்கிறது. அதில் தொங்கிய ஒன்றாம் நம்பர் அட்டை மட்டும் வேண்டும். குப்பையில் போட்டிருந்தால் கிளறியாவது எடுத்து லிங்கசாமி கையில் கொடுத்துவிடுங்கள். அதை வேறொரு சட்டையில் மாட்டிப் பிள்ளையாரடியில் நானே வைத்துவிடுகிறேன். அதற்குள் அவரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று பிள்ளைகள் நிச்சயம் முடிவு செய்திருக்க மாட்டார்கள். அட்டை கிடைக்காவிட்டால் நீங்கள் கிளம்பி வரவும். குணாவுக்காக இல்லை, என்னை அழைத்துக்கொண்டு போக.