ஜெனரேட்டர்க்காரர் கொண்டுவந்த ஊமைப் பெட்டி

மோகனூர் வட்டாரத்தில் எங்கள் ஜெனரேட்டர்க்காரரைப் போல் சத்தமாக ரகசியம் பேசிய மனிதர் இதுவரை பிறக்கவில்லை. இனிப் பிறந்தால் ஊர் தாங்காது. முப்பது வருஷம் டீசல் ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் தொண்டையில் ஒரே அளவுச் சத்தம்தான் மிச்சம். துக்க வீட்டில் அவர் ஆறுதல் சொன்னால் தெருமுனையில் கட்டிய மாடு கயிற்றை இழுக்கும். ஒருமுறை பந்தியில் ஜிலேபிக்குக் கை நீட்டியவரிடம் குனிந்து, காதோரமாக, "உங்களுக்குச் சக்கரை இருக்குதில்லைங்க?" என்றார். பந்தியே ஜிலேபியைக் கீழே வைத்துவிட்டது.

அவருடைய ஜெனரேட்டருக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. எங்கள் பக்கத்து விசேஷங்களில் சம்பந்திகள் தனியாகப் பேச வேண்டுமென்றால் அதன் பக்கத்தில்தான் போய் நிற்பார்கள். ஒருவர் காதில் ஒருவர் கத்தினாலும் மூன்றாவது ஆளுக்கு ஒரு எழுத்துகூடக் கேட்காது. ஊரில் பாதிக் கல்யாணங்களின் உள்விவகாரம் அந்தப் புகையில்தான் முடிவானது.

நான் நாமக்கல்லில் கோழி நோய்களைப் பரிசோதிக்கும் லேபில் வேலை பார்ப்பவள். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்பது ஒன்றுதான் மாப்பிள்ளையிடம் நான் போட்ட நிபந்தனை. அவரும் சரியென்று சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டில் நடந்த நிச்சயதார்த்தம், பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தும் நாளில் வந்து விழுந்தது. அப்பா ஜெனரேட்டருக்குச் சொல்லியிருந்தார். வந்து இறங்கியதோ, ஒரு ஆள் தூக்கிவிடக்கூடிய பெட்டி. பவர் ஸ்டேஷனாம், பேட்டரியில் ஓடுமாம். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்பே, ஜெனரேட்டர் ரிப்பேர் என்று ஜெனரேட்டர்க்காரர் ஊருக்கே அறிவித்துவிட்டு, வீட்டுக்குப் பின்புறம், நான் தலை பின்னிக்கொண்டிருந்த அறை ஜன்னலுக்கு நேர்கீழே அதை வைத்தார். ஒயரைச் சொருகினார். ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது, மைக் பேசியது. பெட்டி மட்டும் மூச்சு விடவில்லை. சித்தப்பா மூன்று தடவை வந்து ஆன் பண்ணியாச்சா என்று விசாரித்தார். பெரியம்மா பெட்டியில் காதை ஒட்டவைத்து, உள்ளே குட்டியாக ஒரு ஃபேன் ஓடுகிறது, அவ்வளவுதான் என்று தீர்ப்புச் சொன்னார்.

மாப்பிள்ளையின் அப்பா ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர்வெல் போட்டே காலம் தள்ளியவர். அந்தச் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம், குரலும் லேசுப்பட்டதல்ல. தட்டு மாற்றுவதற்கு முன்னால் அப்பாவைப் பின்பக்கம் இழுத்துப் போனார். ஒயர் தெரிந்தது, ஜெனரேட்டர்க்காரர் தெரிந்தார், பழக்கதோஷத்தில் அப்பாவின் காதில் வாயை வைத்துக் கத்தினார்.

"சம்பந்தி, கல்யாணம் முடிஞ்சா புள்ள வேலைக்குப் போவ வேண்டாமுங்க. இப்பச் சொன்னா தகராறாயிரும். தாலி ஏறட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்!"

பெட்டிதான் ஊமையாயிற்றே, பந்தல் முழுக்கக் கேட்டுவிட்டது. எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. பாதிப் பின்னலோடு ஜன்னலைத் திறந்தேன்.

"மாமா, அதை இப்பவே பேசிரலாமுங்க."

அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அதற்குள் மாப்பிள்ளை பந்தலிலிருந்து வந்துவிட்டார். "அப்பா, நான் வாக்குக் குடுத்துட்டனுங்க. அவங்க வேலைக்குப் போவாங்க. அது ஆகாதுன்னா தட்டே மாத்த வேண்டாம்" என்றார். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அவரை நிஜமாகவே பிடித்துப்போனது.

மாமா தலையை ஆட்டினார். பெரியம்மா விடுவாரா? தலையாட்டுவதெல்லாம் கணக்கில் சேராது என்று மைக்கைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். "மருமகப் புள்ள வேலைக்குப் போகும்" என்று மாமா இரண்டு தரம் அறிவித்த பிறகுதான் தட்டு மாறியது. இன்றைக்கு அதே மாமா தினமும் என்னை வண்டியில் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுகிறார். லேட்டானால் என்னைத்தான் திட்டுகிறார்.

போன மாதம் என் மகளுக்குக் காது குத்து. அதே பெட்டியோடு அதே ஜெனரேட்டர்க்காரர். பழைய ஜெனரேட்டரை ரிப்பேர் பார்த்தாயிற்றா என்று சும்மா கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"அது எப்ப சாமி ரிப்பேராச்சு? நிச்சயத்துக்கு மொத நாள் உங்க மாமனார் எங்கிட்ட வந்தாருங்க. ஜெனரேட்டர ஆளில்லாத பக்கமா வையி, பொண்ணு வேலைய நிறுத்தறதப் பத்திச் சம்பந்திகிட்ட பேசோணும்னாரு. அதான் அதை ஊட்டுலயே விட்டுப்போட்டு வந்தேன்."

பக்கத்தில் நின்ற என் கணவருக்கு இதில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மனிதருக்கு மெதுவாகப் பேசவும் தெரியும்.