சிந்தாத தேத்தண்ணி

இந்தச் சங்கதியைச் சொல்லப்போய் எங்கேயாவது பிழைவிட்டுவிடுவோமோ என்பதுதான் லூசியாவின் பெரும் பயம். அக்சிலை ஸ்பிறிங் என்றால் புருசன் பஸ்ரியன் சிரிப்பான். அதிகாரியின் பதவிப் பெயரில் ஒரு சொல் குறைந்தால் விசாரணை வரும். ஆகவே அவள் சார்பில் மிகுந்த கவனத்துடன் சொல்லப்படுகிறது.

எழுபத்தெட்டாம் ஆண்டு, முருங்கனில் கராஜ் வைத்திருந்த பஸ்ரியனிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. நாடு திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போனது. இருவர் இருக்கலாம், பின்னால் பெட்டி வைக்க இடம். அதில் கருவாட்டை ஏற்றிக்கொண்டு லூசியா கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் விற்கப் போவாள். பின்சில்லு இரண்டையும் ஒரே இரும்பு அக்சில் பிணைத்திருந்தது. ஒன்று றோட்டுப் பள்ளக் கிடங்கில் விழுந்தால் மற்றதும் துள்ளும். மூன்றாவதாக லூசியாவின் இடுப்பு துள்ளும்.

"ஒண்டில் றோட்டைத் திருத்துங்கோ, இல்லாட்டிக் காரைத் திருத்துங்கோ. இனி நான் ஏறமாட்டன்."

றோட்டைத் திருத்த அதிகாரமில்லாத பஸ்ரியன் காரைத் திருத்தினான். அக்சிலைக் கழற்றி எறிந்துவிட்டு, மோதி நொறுங்கிக் கிடந்த வேறொரு காரின் பின்பாகத்தை வெட்டிப் பொருத்தினான். இப்போது ஒவ்வொரு பின்சில்லும் தன்பாட்டுக்கு ஏறி இறங்கியது. ஒன்று கிடங்கில் கிடந்தாலும் மற்றது கவலைப்படவில்லை.

அதே மாதம், பதினொரு வருசமாக ஊர் அனுப்பிய மனுக்களுக்குப் பலன் கிடைத்தது. வீதிப் பரிசோதகர் சிங்கராசா வந்து இறங்கினார். றோட்டு மோசமென்று அவர் எழுதினால் தார் வரும்.

கிராமச் சங்கத் தலைவர் சரவணமுத்து கராஜுக்கு ஓடிவந்தார். "தம்பி பஸ்ரியன், ஐயாவை லொறியிலை ஏத்தி இடுப்பை முறிக்கேலுமே? ஊர் மானம் என்னாகிறது? உம்மடை காரைத் தாரும்."

"ஓம் அண்ணை, கொண்டுபோங்கோ!" என்று முந்திக்கொண்டவள் லூசியாதான். கருவாட்டு மணம் போக ஆசனத்துக்குப் பவுடரும் போட்டாள்.

காரை ஓட்டியது பஸ்ரியன். பக்கத்தில் பரிசோதகரின் மடியில் படிவம், கையில் விளிம்புமட்டும் தேத்தண்ணி ஊற்றிய கிளாஸ். பின்னால் பெட்டி இடத்தில் பிளாஸ்க்கோடு லூசியா.

"ஐயா, ஒருக்கால் வெளியிலை பாருங்கோ. அந்தக் கிடங்குக்குள்ளை எருமை படுத்திருக்குது."

"கண்ணாலை பாக்கிறது தனிப்பட்ட அபிப்பிராயம், அம்மா. தேத்தண்ணி சிந்தினால்தான் ஆதாரம்."

சிந்தவில்லை. லூசியா புருசனின் தோளைக் கிள்ளி, "இஞ்சாருங்கோ, கிடங்கிலை விடுங்கோ!" என்று குசுகுசுத்தாள்.

"எல்லாத்திலையும் விட்டுக்கொண்டுதான் வாறன்," என்றான் பஸ்ரியன், பெருமை தாங்காமல்.

வழிநெடுக நின்ற சனம், வந்த விருந்தாளி குலுங்காமல் போவதைக் கண்டு கைதட்டியது. கட்டுக்கரையில் இறங்கிய பரிசோதகர் தேத்தண்ணியைக் கடைசித் துளிவரை குடித்துவிட்டு எழுதினார்:

"மேற்படி வீதி குறைபாடற்றது. மனுக்கள் ஆதாரமற்றவை. பொதுமக்கள் கரகோசம் செய்து திருப்தி தெரிவித்தனர்."

தார் வேறு ஊருக்குப் போனது. "ஆர் காரைக் குடுத்தது?" என்று ஊர் கொதித்தது. முதலில் அப்படிக் கேட்டவர் சரவணமுத்து.

அன்றிலிருந்து லூசியா அந்தக் காரில் ஏறுவதில்லை. கருவாட்டுக் கடகப் பெட்டியோடு பஸ்ஸில் போகிறாள். பஸ் துள்ளும் ஒவ்வொரு முறையும், "ஆரோ காரைக் குடுத்தவையாம், நாசமாய்ப் போக!" என்று எல்லாருக்கும் முந்தி, எல்லாரையும்விடப் பலமாகத் திட்டுகிறாள்.

பக்கத்தில் கம்பியில் தொங்கியபடி சரவணமுத்து சொல்கிறார்: "ஓம் பிள்ளை, ஓம். நல்லாச் சொல்லு."