இலக்கப் பட்டணத்துக் கல்யாண ஆபீசர்

புதுக்கடை,
14-10-1953

மகாகனம் பொருந்திய பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, கருப்பட்டிக் கடை ஞானசிங் தாழ்மையாய் எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் வீட்டாரும் அங்கே அச்சுக் கோக்கிறவர்களும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்ளுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு தேறியவன். ஆறாம் வகுப்பில் வாத்தியாரும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டுவிட்டோம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் என் மானம் போன சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். தங்கள் பத்திரிகையை என் மகள் ஜெபகனிக்காக வாங்குவதாகத்தான் ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். முதலில் வாசிப்பது நான். போன வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்த பத்திரிகைக் கட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு, நடந்துகொண்டே வாசித்து, வேட்டியும் சட்டையும் பத்திரிகையுமாக வாய்க்காலில் விழுந்துவிட்டேன். வாத்து மேய்க்கிறவர் கையைப் பிடித்துத் தூக்கி, “வேய், கண்ணு எங்கே போச்சு?” என்றார். “இரண்டாயிரத்து ஐம்பதாம் வருஷத்துக்குப் போச்சு” என்றேன். அவர் என் வாயை மோந்து பார்த்தார்.

எல்லாம் தங்கள் ‘இலக்கப் பட்டணம்’ தொடர்கதையால் வந்தது. அந்தப் பட்டணத்தில் மனுஷருக்குப் பேர் கிடையாது, இலக்கம்தான். காதல் ஒரு தொற்றுவியாதி, அதற்குக் கசப்பு மருந்து. கல்யாண ஆபீசர் வந்து, “நானூற்றுப் பன்னிரண்டே, உனக்கு எண்பத்தாறு” என்று சீட்டைக் கொடுத்தால் காரியம் முடிந்தது. பெண் பார்க்க வேண்டாம், பலகாரம் சுட வேண்டாம், மச்சான்மார் கோபித்துக்கொண்டு போக வேண்டாம். ஒரே பெண்ணைப் பெற்று, மாப்பிள்ளை தேடி மூன்று வருஷமாகப் பஸ் ஏறி இறங்கினவன் நான். “நல்ல கவர்மெண்டாட்டுல்லா இருக்கு!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஜெபகனிக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த நானூற்றுப் பன்னிரண்டு தெருவிளக்கு ஏற்றுகிற ஒருவனை நேசிக்கிறாளே, “அவளிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்?” என்றாள். “கேட்டா வேண்டாம்ணு சொல்லுவா. அதுக்குத்தான் கேக்கல்லே” என்றேன். அன்று முதல் நான் ஆபீசர் கட்சி, அவள் பெண் கட்சி. என் மனைவி ரத்தினம், “இல்லாத ஊருக்கு அப்பனும் மவளும் சண்டை போடுகியளே, இருக்கிய வீட்டிலே விறகு இல்லே” என்பாள்.

இதற்கிடையில் தக்கலையில் ஆபீஸ் கிளார்க்கு ஜான்ரோஸ் என்கிற வரன் அமைந்தது. ஜெபகனி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வாரம்தான் பத்திரிகை குளித்தது. முக்கியமான இரண்டு பக்கம் கஞ்சியாகிவிட்டன. “அதிலே என்னப்பா போட்டிருந்துது?” என்று கேட்டாள். அங்கேதான் ஐயா என் நாக்கு புரண்டது. நானூற்றுப் பன்னிரண்டு நன்றாக யோசித்து எண்பத்தாறுக்கே சம்மதித்துவிட்டாள் என்றும், அவன் குணசாலி, உத்தியோகத்தன், பென்ஷன் உண்டு என்றும் அளந்துவிட்டேன். “ரெண்டாயிரத்து அம்பதிலயும் பென்ஷன் உண்டாப்பா?” என்றாள். “பின்னே? உண்டும்மா” என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சம்மதமாக வைத்துக்கொண்டு, மறுநாளே போய் ஜெபகனி பேரையும் ஜான்ரோஸ் பேரையும் எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். “ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம்” என்று ஐயர் சபை முழுவதையும் கேட்பார். முதல் ஓலை அன்று அவர் அப்படிக் கேட்டு நிறுத்தினதும், பெண்கள் பக்கத்திலிருந்து ஜெபகனி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு இருமல் வந்துவிட்டது. ஐயர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, “என்ன ஞானசிங், பெண்ணுக்க தகப்பனுக்கே தடையா?” என்றார். “இல்லை ஐயரே, சளி” என்றேன். சபை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

சபை முன்னால் சளி என்று அறிக்கையிட்டதால், மறுநாள் ரத்தினம் என்னை டிஸ்பென்சரிக்கு ஓட்டிவிட்டாள். அங்கே கம்பவுண்டர் சுந்தரராஜ், “வாயைத் திறங்க முதலாளி” என்று காய்ச்சல் குழலை நாக்குக்கு அடியில் வைத்தான். மேஜைமேல் பார்க்கிறேன், வெள்ளிக்கிழமைப் பத்திரிகை, நனையாதது. குழலை வாயில் வைத்துக்கொண்டே அந்த இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு சீட்டைக் கிழித்து ஆபீசர் மூஞ்சியில் எறிந்துவிட்டு ஜெயிலுக்குப் போய்விட்டாளே! ஆபீசரை வர்ணித்த இடத்தில், ஓரமாகப் பென்சிலில், “எங்க அப்பாவைப் போல. ஆனா அப்பா நல்லவர்” என்று எழுதியிருந்தது. ஜெபகனியின் கையெழுத்து. கத்தலாம் என்றால் வாயில் குழல். சுந்தரராஜ் அதை எடுத்துப் பார்த்து, “சூடு ஒண்ணும் இல்லே, மாமா” என்றான். உள்ளே வரும்போது முதலாளியாக இருந்தவன், ஐந்து நிமிஷத்தில் மாமாவாகிவிட்டேன்.

பையன் யோக்கியன்தான். ஆனால் சபை வேறு. எங்களுக்கு ஆர்மோனியம், அவர்களுக்குக் கொட்டு. இந்த இரண்டும் பரலோகத்தில்கூட ஒரே மேடையில் ஏறாது என்று நினைக்கிறவர் என் தமையனார்.

வீட்டுக்கு வந்து, “நனையாத புஸ்தகத்தை வாசிச்சிட்டுத்தானா என்னிட்ட கேட்டே?” என்றேன். “பிறவுதான் வாசிச்சேன். அப்பா சொன்ன கதையும் மோசமில்லே. பென்ஷன்தான் கொஞ்சம் கூடிப்போச்சு” என்றாள். “நீயும் அந்தப் பிள்ளையைப்போல என்னைக் கவுக்கப்போறியா?” என்றேன். “தக்கலைக் கூட்டத்திலே தொண்டை கிழிய விளிச்சியளே, என்னப்பா அது?” என்றாள். திருவிதாங்கூர்-கொச்சியில் கிடக்கிற இந்தத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போட்ட கூட்டம் அது. ‘எங்களைக் கேளாமல் எங்களை எவனுக்கும் எழுதிக் கொடுக்காதே’ என்று முன்வரிசையில் நின்று கத்தினேன். “செரி, உனக்க முடிவு என்ன?” என்றேன். “கதை முடியட்டும், சொல்லுகேன்” என்று போய்விட்டாள்.

கதை இருபத்துமூன்றாம் தேதி முடிகிறதாகப் போட்டிருக்கிறீர்கள். மூன்றாம் ஓலை இருபத்தைந்தாம் தேதி. ஆகையால் தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளுகிறேன்: எப்படியாவது அந்த நானூற்றுப் பன்னிரண்டுக்குப் புத்தி வந்து எண்பத்தாறையே கட்டிக்கொண்டதாக முடித்துவிடுங்கள். கதாசிரியர் முரண்டு பிடித்தால், விளக்குக்காரனை ஏணியிலிருந்து விழ வையுங்கள், உயிருக்குச் சேதமில்லாமல். ஆபீஸுக்கு ஓலைக் கொட்டான் நிறையச் சுக்குக் கருப்பட்டி அனுப்புகிறேன்.

தங்கள் பத்திரிகையும் குடும்பமும் ஆல்போல் பெருகட்டும். ரத்தினமும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
ஞானசிங்

பின்குறிப்பு: தபாலில் போடும் முன்னே ஒருதரம் வாசித்துப் பார்த்தேன். மேலே கேட்டதொன்றையும் செய்ய வேண்டாம். விளக்குக்காரன் ஏணியிலேயே இருக்கட்டும், அந்தப் பிள்ளை இஷ்டம்போல் போகட்டும். ஆபீசருக்கு மட்டும், கடைசியிலாவது அவளிடம் ஒரு வார்த்தை கேட்கும்படி ஒரு வரி போட்டுக் கொடுங்கள். கருப்பட்டி எப்படியும் வரும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வந்தது சளி இல்லை. “எனக்கு ஆட்சேபம் உண்டு, ஐயரே” என்பது தொண்டை வரைக்கும் வந்தது. அதைத்தான் இருமிவிட்டேன்.