தாய்மாமன் லைனில் ஒரு லூப்

ஒரு காட்டில் எல்லாக் குகைக்கும் டெலிபோன் இருந்தது. பேசத்தான் யாருக்கும் யாரும் இல்லை.

அந்தக் காட்டில் வெள்ளத்தாயி என்றொரு கரடி இருந்தது. அதன் குட்டிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. தாய்மாமனாகிய கட்டையனோ மலைக்கு அந்தப் பக்கம் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கு அது கொண்டுவந்த தேனடை ஏற்கெனவே நக்கியது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னது அந்தத் தங்கச்சி வெள்ளத்தாயிதான்.

சமாதானம் பேசலாமென்று போன் போட்டால் லைன் செத்துக் கிடந்தது. வெள்ளத்தாயி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் புகார் கொடுத்தது. அங்கே இருந்த தேவாங்கு, லைன்மேன் மலையணிலைக் கூப்பிட்டது.

“கட்டையன் குகை வாசல் பெட்டியில லூப் போடு. போற கம்பியையும் வர்ற கம்பியையும் சேர்த்து முறுக்கு. நான் இங்கிருந்து பேசுறது அங்கே போய்த் திரும்பி எனக்கே வந்தா, வழியில பழுது இல்லைன்னு அர்த்தம்.”

அணில் போகும் வழியில் அறுந்திருந்த கம்பியை ஒட்டவைத்து, பெட்டியில் லூப்பும் போட்டது. தேவாங்கு “ஹலோ” என்றது. “ஹலோ” திரும்பி வந்தது. புகார் முடிந்தது. அணில் பலாப்பழம் தின்னப் போய்விட்டது. லூப்பை எடுக்கும்படி யாரும் சொல்லவில்லையே.

வெள்ளத்தாயி போன் போட்டது. மணி அடிக்கும் முன்பே அந்தப் பக்கம் எடுத்தாயிற்று. என்ன இருந்தாலும் கூடப் பிறந்த பாசம் என்று அது நினைத்துக்கொண்டது. முறை வைத்துக் கூப்பிடத்தான் வாய் வரவில்லை.

“நான்தான்.”

“நான்தான்.”

கரடிக் குரலில் ஆண், பெண் தெரியாது. எல்லாமே பலாக்கொட்டை தொண்டையில் மாட்டிய குரல்.

“இன்னும் கோபமா?”

“இன்னும் கோபமா?”

“எனக்கென்ன கோபம். தப்பு என்மேலதான்.”

“எனக்கென்ன கோபம். தப்பு என்மேலதான்.”

வெள்ளத்தாயிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து அண்ணன் வாயில் வராத சொல் அது.

“விசேஷத்துக்கு வந்துரணும்.”

“விசேஷத்துக்கு வந்துரணும்.”

‘வந்துரணும்’ என்றால் விசேஷத்துக்கு நேரில் வந்து அழைக்கச் சொல்கிறான், அதுதானே முறை என்று வெள்ளத்தாயி வெற்றிலை பாக்குத் தட்டோடு மலையேறிப் போனது.

கட்டையன் தட்டைத் தொடவில்லை. “யாரு உன்கிட்ட பேசுனா? என் போன் செத்துல்ல கிடக்கு.”

“உன் வாயால சொன்னியே, தப்பு என்மேலதான்னு.”

“நானா? செத்தாலும் சொல்ல மாட்டேன்.” கட்டையன் வாசல் பெட்டியைத் திறந்து பார்த்தது. முறுக்கிய கம்பியைக் காட்டிச் சிரித்தது. “நீ பேசுனதுதான் உனக்கே திரும்பி வந்திருக்கு. ஆனா சொன்னது சரிதான். தப்பு உன்மேலதான்.”

வெள்ளத்தாயி தட்டை எடுத்துக்கொண்டு நேராக எக்ஸ்சேஞ்சுக்கு வந்தது. தேவாங்கு பதறிப்போனது.

“இப்பவே லூப்பை எடுக்கச் சொல்றேன்மா. அண்ணன் நல்லாப் பேசுவார்.”

“என்ன பேசுவான்?”

“அது எங்க கையில இல்லையேம்மா.”

வெள்ளத்தாயி தட்டிலிருந்த வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டது. “அப்ப எடுக்காதே.”

காதுகுத்து நாள் வந்தது. மாமன் மடிக்குப் பதிலாக ஒரு முக்காலிக்கு வேட்டி கட்டி, அதன்மேல் குட்டியை உட்காரவைத்து, போனையும் குட்டியின் மடியில் வைத்தார்கள். முள்ளம்பன்றி ஆசாரி தன் முதுகிலிருந்தே நல்ல முள்ளாக ஒன்றை உருவியது.

“மாமன் என்ன சொல்றார்?”

வெள்ளத்தாயி ரிசீவரில், “நல்லபடியா குத்தட்டும்” என்றது.

“நல்லபடியா குத்தட்டும்” என்றது ரிசீவர்.

முள் இறங்கியது. குட்டி ‘ஓ’வென்று அழுதது. ரிசீவரும் ‘ஓ’வென்று அழுதது.

ஆசாரிக்கே மனசு இளகிவிட்டது. “எத்தனையோ காது குத்தியாச்சு. மருமகன் அழுதா கூடவே அழுகிற மாமனை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.”

அப்போது வாசலில் கட்டையன் வந்து நின்றது. மாமன் முறையை விட மனசு வராமல், குளித்து, புது வேட்டி கட்டி, சீர்த்தட்டைத் தலையில் சுமந்து வந்திருந்தது. பந்தல் ஓரத்தில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த மந்தி அதன் கையைப் பிடித்துக் கடைசி வரிசையில் உட்காரவைத்தது.

“சத்தம் போடாம உட்காருங்கய்யா. தாய்மாமன் பேசிட்டிருக்கார்.”

நீதி: எதிர்முனையில் ஆள் இல்லாதவரை எந்த உறவும் பழுதாவதில்லை. தப்பித்தவறி ஆளே வந்துவிட்டால், சாப்பாடு போட்டு அனுப்பிவிடவும்.