சீல் சாரும் ஒரு விலாசமும்

கடவுளே நேரில் வந்து தன் பக்தர் ஒருவரின் விலாசம் கேட்டிருந்தாலும், "லெட்டர் கொண்டுவந்திருக்கேளா?" என்று கேட்டிருக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் சீல் சார்தான். கடவுள் லெட்டரோடு வந்திருந்தால், சீல் சரியாக விழவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் பேஜர் என்று ஒரு வஸ்து சென்னையைப் பிடித்து ஆட்டியது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, இடுப்பில் செருகிக்கொள்ளலாம். அதற்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால் எங்கள் கம்பெனிக்குப் போன் செய்து, பேஜர் நம்பரையும் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் டைப் அடித்து அனுப்புவோம். தி.நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில், இரண்டாவது மாடியில், காதில் ஹெட்போன் மாட்டிய பன்னிரண்டு பெண்களில் நானும் ஒருத்தி. ஊர் ரகசியமெல்லாம் எங்கள் காது வழியாகத்தான் போகும். எந்த ஆபீசர் 'மீட்டிங்' என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் கிண்டி ரேஸில் நிற்கிறார் என்பதுவரை அத்துப்படி.

ஆனால் அந்த நம்பருக்குப் பின்னால் இருக்கும் பெயரும் விலாசமும் எங்கள் ரெக்கார்டு கிளார்க்கான சீல் சாரின் இரும்பு பீரோவில் இருந்தன. பீரோ சாவி அவருடைய பூணூலில் தொங்கியது. மேற்கு மாம்பலத்திலிருந்து தினமும் நடந்தே வருவார். பீரோவின் தலைமேல் 'கேட்டவர் நோட்டு' என்று ஒன்று வைத்திருந்தார். சந்தாதாரரைப் பற்றி யார் எது கேட்டாலும் பெயர், பதவி, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போலீசானால் இதற்கு மேல் ஆபீஸ் லெட்டரும் சீலும் வேண்டும். அதனால்தான் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சீல் சார்.

ஒருநாள் முதலாளியின் மனைவியே வந்து, கணவரின் பேஜருக்கு வந்த செய்திகளையெல்லாம் காட்டச் சொன்னார். சீல் சார் பவ்யமாக நோட்டை நீட்டினார். அந்த அம்மாள் காரணம் என்ற கட்டத்தில் 'சந்தேகம்' என்று எழுதினார். "சந்தேகம்ங்கறது காரணம் ஆகாது மாமி" என்று சொல்லி, காபி வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் முதலாளி அவரைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு நன்றி!

இன்னொரு முறை ஓர் அரசு அலுவலகத்திலிருந்து சீலோடு கடிதமே வந்துவிட்டது. எல்லா சந்தாதாரர்களின் விவரமும் வேண்டுமாம். "எல்லா சந்தாதாரர்கள் என்ற பெயரில் எங்களிடம் சந்தாதாரர் எவரும் இல்லை" என்று பணிவோடு பதில் எழுதினார். அத்தோடு அந்தக் கடிதப் போக்குவரத்து நின்றது.

அதற்காக அவரை வம்புக்கார மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். காணாமல் போன ஒரு குழந்தைக்காக முறையான லெட்டரோடு போலீஸ் வந்தபோது, விலாசத்தை எழுதிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஜீப் வரை ஓடியவரும் இதே மனிதர்தான்.

அந்த மார்ச் மாதம்தான் வந்தது வினை. அடையாறில் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு ஒளிந்து வாழ்ந்த ஒரு பெண் எங்கள் சந்தாதாரர்; அவளுக்கு வரும் செய்திகளிலிருந்தே எல்லாம் எங்களுக்குத் தெரிந்தது. அவள் அப்பா பெரிய கடைக்காரர். பெண்ணைத் தூக்கிக்கொண்டு போக ஆட்களை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். 'உன் அப்பா ஆட்கள் பஸ் டிப்போ பக்கம் நிற்கிறார்கள், வெளியே வராதே' என்று அவள் கணவன் சொல்லச் சொல்ல டைப் அடித்தவள் நான். அடித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

நாலாம் நாள், ஓர் இன்ஸ்பெக்டர் மஃப்டியில் வந்து அதே நம்பரைச் சொல்லி விலாசம் கேட்டார். ஜன்னல் வழியே பார்த்தேன். கீழே காரில் ஒரு பெரியவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அப்பாதான் என்று புரிந்துவிட்டது.

"இன்னா சார், ஒரே ஒரு அட்ரஸ். வாயால சொன்னா போதும். வண்டி கீழ நின்னுகினு கீது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"லெட்டர் கொண்டுவந்திருக்கேளா?"

"லெட்டர்லாம் அப்பால வரும்."

"அப்போ அட்ரஸும் அப்பால வரும்" என்றார் சீல் சார்.

குரல் உயர்ந்தது. மேனேஜர் ஓடிவந்து, கம்பெனிக்கே ஆபத்து, கொடுத்துத் தொலையுங்கள் என்று கத்தினார். சீல் சார் பதறவில்லை. நோட்டைப் பிரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி, இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தார்.

"மேனேஜரே சொல்லிட்டார். நீங்க பேர், பதவி, காரணம் எழுதிடுங்கோ. 'நான்தான் குடுக்கச் சொன்னேன்'னு மேனேஜர் சார் கீழ ஒரு கையெழுத்து போடட்டும். பீரோவைத் திறந்துடறேன்."

மேனேஜருக்கு உடனே ஏதோ போன் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். பெயர் எழுதினால் முடிந்தது அந்தப் பெண்ணின் கதை. அவர் அந்தக் காரணக் கட்டத்தையே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு பேனாவைப் போட்டுவிட்டு, "உன்ன வச்சிக்கிறேன்" என்று சீல் சாரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கார் கிளம்பிய பிறகு பார்த்தால், சீல் சார் பேனாவின் மூடியைத் தலைகீழாக மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் வாங்கி மூடினேன். பயமாக இருந்ததா என்று கேட்டேன்.

"இல்லாம? ஆத்துல ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கறாளே."

"அவர் நெஜமாவே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தா என்ன சார் பண்ணிருப்பீங்க?"

பூணூலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சாவியைக் காணலைன்னு சொல்லிருப்பேன்."

நான் வாயாடி, மனசு கேட்கவில்லை. 'உன் விலாசம் கேட்டுப் பேஜர் ஆபீசுக்கு வந்தார்கள், இங்கே ஒருவர் தரவில்லை' என்று அவளுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டேன். மறுவாரம் கணவனோடு வந்து நின்றாள். சீல் சாரோ, அந்த நம்பரில் சந்தாதாரர் இருக்கிறாரா இல்லையா என்றே தன்னால் சொல்ல முடியாது என்று சாதித்தார். நன்றியைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அவள் அழுதாள். "வெயில்ல வந்திருக்கேள், உக்காருங்கோ" என்று தன் கூஜாவிலிருந்து இரண்டு பேருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

இப்போது சேலை வாங்கினாலும் கேட்கிறார்கள், பல் பிடுங்கினாலும் கேட்கிறார்கள்: பெயர், விலாசம், போன் நம்பர். நானும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன். எழுதும் ஒவ்வொரு தடவையும், இந்தக் காகிதம் போய்ச் சேரும் இடத்தில் சீல் சார் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறது மனசு.